முதல் குழந்தை எப்படி இறந்தது என்று கேளுங்கள்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்ட நாட்கள் குறைவு. புதிய கருவிகளைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த மருந்தை எந்த அளவில் ஏற்ற வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே நான் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தக் கதையில் குழந்தை பிழைத்துவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை நான் சொல்லும்போதெல்லாம், குழந்தை பிழைத்த இடம் வந்ததும் கேட்பவர்கள் நிம்மதியாகி நாற்காலியை நகர்த்த ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இது அங்கே முடியவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் இருந்த ஓர் அரசு மருத்துவமனை. காலையில் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே கம்பெனிச் சட்டையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பாக்கள் அங்கே அதிகம். சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், கையில் குழந்தை வெள்ளைத் துணியில் சுற்றியிருக்கும். பிரசவம் ஆன மறுநாளே வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். லீவு கிடையாது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நாங்களும் தாயும் சேயும் நலம் என்று அனுப்பிவிடுவோம்.

அன்று வந்தவர் பெயர் மோசஸ். இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டுபவர். உயரமான ஆள், பேச்சு குறைவு. பின்னால் அவர் மனைவி ரெபேக்கா. பிரசவித்த உடம்பு இன்னும் தேறாமல், சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். பெண் குழந்தை. பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை.

“பால் குடிக்க மாட்டேங்குது டாக்டர். காலைல இருந்து வாய வெச்சிட்டு உடனே உட்டுடுது” என்றார் மோசஸ்.

துணியை விலக்கிப் பார்த்தேன். குழந்தை சாம்பல் நிறத்தில் இருந்தது. நீலம் என்று சொல்ல முடியாது. ஈர சிமெண்டின் நிறம். கைகால்கள் குளிர்ந்திருந்தன. நெஞ்சுக்கூடு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை. அழாத குழந்தையைத்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நான் முதலில் கையில் எடுப்பேன்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் கெட்டிக்காரர். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்று முடிவு செய்து, மளமளவென்று வேலையைத் தொடங்கினார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. பிறந்த முதல் வாரத்தில் இப்படி வாடி வருகிற குழந்தைகளில் பெரும்பாலானவை கிருமித் தொற்றோடு வருபவைதான். நானும் அதையேதான் நினைத்தேன். மருந்து ஏற்றினோம், உப்புநீர் ஏற்றினோம், ஆக்சிஜன் வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் முழங்கை மடிப்பில் நாடி லேசாக எழுந்தது. நல்ல சேதி என்று இளம் மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தொடையிடுக்கில் விரல் வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபக்கம் வைத்தேன். அங்கேயும் இல்லை. ஆனால் இப்படித் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு எல்லா இடத்திலும் நாடி மங்கித்தான் இருக்கும். விரலுக்குக் கிடைக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. வயிற்றைத் தொட்டேன். ஈரல் இறங்கியிருந்தது, இருதயம் திணறும்போது இறங்குவது போல. வந்தபோது இருந்ததைவிட இன்னும் இறங்கியிருப்பதாகத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். பதற்றத்தில் நம் விரல்கள் நமக்கு வேண்டியதைச் சொல்லும்.

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த மோசஸ் பேசினார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியவில்லை.

“இந்த தபா நான் கண்ணு அசராம பாத்துக்கினேன் டாக்டர். இவ படுத்துக்கினு பால் குடுக்கவே இல்ல. நான் உடவே இல்ல.”

அந்த அறையில் எத்தனையோ சத்தங்கள். மானிட்டர் கத்துகிறது, வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் ‘இந்த தபா’ என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது.

“இந்த தபான்னா? முன்ன ஒரு தபா என்ன ஆச்சு?”

“மொதல்து பையன் டாக்டர். இத மாதிரிதான், பொறந்த ஒடனே. பால் பொர ஏறி பூட்ச்சு.”

ரெபேக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத்தான் கேட்டேன்.

“பொர ஏறுனப்ப இருமினானாம்மா? மூக்கு வழியா பால் வந்துச்சா?”

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் கணவனைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“இல்ல டாக்டர். நல்லா குடிச்சிக்கினு இருந்தான். அப்புறம் திடீர்னு குடிக்கல. கை காலெல்லாம் சில்லுனு ஆயிட்ச்சு. மூச்சு மேல மூச்சு வாங்குனான். கலரே மாறிட்ச்சு. இதோ, இது இப்ப இருக்குதே, இதே மாதிரிதான்.”

“இத யார் கிட்டயாவது சொன்னியா?”

“யாரும் கேக்கல டாக்டர்.”

வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு ஒரு சிறுகுழாய் மாற்றுப்பாதையாக இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். இருதயத்திலிருந்து உடம்பின் கீழ்ப்பாதிக்கு ரத்தம் போகும் பெருங்குழாய் பிறவியிலேயே இறுகியிருந்தாலும், அந்தச் சிறுகுழாய் திறந்திருக்கும் வரை எதுவும் தெரியாது. குழந்தை சிவப்பாக இருக்கும், பால் குடிக்கும், நாமும் வீட்டுக்கு அனுப்புவோம். பிறந்த சில நாட்களில் அந்தச் சிறுகுழாய் தானே மூடும். எல்லாக் குழந்தைக்கும் மூடும். இந்தக் குழந்தைக்கு மூடினால் இடுப்புக்குக் கீழே ரத்தம் போக வழியில்லை. அரிதான கோளாறு. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைக்கு வருவது அதைவிட அரிது. ஆனால் வரும்.

அந்தச் சிறுகுழாயைத் திரும்பத் திறக்கும் மருந்து எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது. நான்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதுவரை அங்கே யாரும் அந்தக் குப்பியை உடைத்ததில்லை. அந்த மருந்து குழந்தையின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். நம் சந்தேகம் தப்பாக இருந்தால், கிருமியோடு போராடுகிற ஒரு குழந்தைக்கு இன்னொரு ஆபத்தையும் நாமே ஏற்றிவிட்டதாக ஆகும். இருதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ கருவியோ, அதைப் பார்க்கத் தெரிந்தவரோ எங்களிடம் இல்லை.

சென்னையில் எனக்குத் தெரிந்த குழந்தை இருதய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டார்.

“எக்கோ இல்லாமலா ஆரம்பிக்கப் போறீங்க?”

“இங்கிருந்து உங்க கிட்ட வந்து சேர்ற வரைக்கும் தாங்காதுன்னு தோணுது.”

“குழந்தைய நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க மேடம். நான் பாக்கல. நீங்கதான் முடிவு பண்ணணும்” என்றார்.

அவர் கைகழுவினார் என்று அப்போது கோபம் வந்தது. பின்னால் யோசித்தபோது அவர் சொன்னதைவிட நேர்மையான பதில் ஒன்று இருந்திருக்க முடியாது என்று தோன்றியது. பக்கத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்களும் ஒருநாள் அப்படி இருப்பீர்கள். எக்கோ வரட்டும், ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால் அது எளிது.

மருந்தை உடைக்கச் சொன்னேன்.

நான் பயந்தபடியே குழந்தையின் மூச்சு நின்றது. அதற்குத் தயாராக இருந்ததால் சிஸ்டர் உடனே மூச்சுப் பையை எடுத்து அழுத்தத் தொடங்கினார். பிறகு மூச்சுக்குக் குழாய் போட்டோம். வெளியே போகச் சொல்லியும் மோசஸ் போகவில்லை. கிரேன் ஓட்டுகிறவர், மேலே உட்கார்ந்து கீழே தொங்கும் சுமையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது அவர் தொழில். அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் நடக்காத அந்த நேரம்தான் நீளமானது. மருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் விரலை இடுக்கில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இளம் மருத்துவர் என் முகத்தைப் பார்க்கிறார். திடீரென்று சிஸ்டர், “ஐயோ மேடம்!” என்று கத்தினார். என்னவோ ஏதோ என்று பதறித் திரும்பினேன். குழந்தை சிறுநீர் போயிருந்தது. சிஸ்டரின் கை நனைந்துவிட்டது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். காலையிலிருந்து வராத சிறுநீர். கீழே ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் என் விரலுக்கடியில், நூல் இழுத்த மாதிரி, ஒரு துடிப்பு வந்தது.

ஆம்புலன்சில் நான் கூடப் போனேன். இந்த மருந்து ஓடும் குழந்தையை யாரையாவது நம்பி அனுப்பாதீர்கள், நீங்களோ உங்களுக்கு நிகரான ஒருவரோ போங்கள். செங்குன்றம் நெருங்கும்போது கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சைரன் கத்திக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. ரெபேக்கா என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டு நனைந்திருந்தது.

“டாக்டர், மொத பையனுக்கும் இதேதானா?”

அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. எக்கோ எடுத்ததில்லை. இறந்த பிறகு உடலைப் பரிசோதித்ததும் இல்லை. அவள் சொன்ன நாலு வார்த்தைதான் என்னிடம் இருந்தது. மருத்துவராக எனக்கு ஒரு பதில்தான் சொல்ல முடியும்.

“இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்.”

“சரி டாக்டர்” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

சென்னையில் எக்கோ எடுத்தார்கள். சந்தேகப்பட்ட அதே இறுக்கம், அதே இடத்தில். சில நாள் கழித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தை பிழைத்தது.

இங்கேதான் நாற்காலிகள் நகரும். கொஞ்சம் உட்காருங்கள்.

அறுவை முடிந்த பிறகு நான் சென்னைக்குப் போய்ப் பார்த்தபோது ரெபேக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். இந்தப் பிரசவத்துக்கு முன்னால் எங்கெல்லாம் காட்டினீர்கள் என்று கேட்டேன். நர்சு வந்து பார்த்தார், மாதாமாதம் போனேன், ஸ்கேனும் எடுத்தார்கள் என்றாள். முதல் குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லையா?

“கேட்டாங்க டாக்டர். எல்லாரும் கேட்டாங்க. மொதல்து பால் பொர ஏறி பூட்ச்சுன்னு சொன்னேன். ஐயோ பாவம்னாங்க. படுத்துக்கினு குடுக்காதம்மான்னாங்க.”

அவ்வளவுதான். புரையேறி இறந்த குழந்தை என்றால் அது விபத்து, அம்மா படுத்துப் பால் கொடுத்தபடி கண் அயர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். விபத்து பரம்பரையாக வராது. அடுத்த குழந்தையின் இருதயத்தை வயிற்றிலேயே தனியாகப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? முதல் குழந்தை கை கால் குளிர்ந்து, சாம்பல் நிறமாகி, மூச்சு வாங்கி இறந்தது என்று அவள் சொல்லியிருந்தால் எங்கேயாவது ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் அவளிடம் எல்லோரும் காரணத்தைக் கேட்டார்கள், நடந்ததைக் கேட்கவில்லை. அவளுக்கு யாரோ கொடுத்த காரணத்தை அவள் திருப்பிக் கொடுத்தாள்.

கொடுத்தது யார் என்று கேட்டேன். முதல் பையனைச் சேர்த்த நர்சிங் ஹோமைச் சொன்னாள், அங்கே இருந்த டாக்டரின் அடையாளத்தைச் சொன்னாள். அவரை எனக்குத் தெரியும். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தில் எடை குறைந்து பிறந்த குழந்தை என்றால் முதலில் அவரிடம்தான் ஓடுவார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகளை மாதக்கணக்கில் வைத்திருந்து தேற்றி அனுப்பியவர். கவனக்குறைவான மருத்துவர் ஒருவரை அவள் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவரிடம் சொல்ல வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். இன்னொரு அம்மா அவரிடம் வரக்கூடும் என்பதால் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். மதியம் நோயாளிகள் போன பிறகு அவர் கிளினிக்குக்குப் போனேன். நான் ரெபேக்காவின் பெயரைச் சொல்லவே தேவை இருக்கவில்லை. கிரேன் ஓட்டுபவர் என்றதுமே அவருக்கு நினைவு வந்துவிட்டது.

“நெஞ்சு எக்ஸ்ரே ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்துச்சு” என்றார். “கிருமின்னு நெனச்சேன். அதுக்குத்தான் வைத்தியம் பண்ணேன். காப்பாத்த முடியல.”

“பால் புரையேறினதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அந்தப் புருஷன் என் முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தார். ஏன் சார், ஏன் சார்னு அதையே கேட்டுக்கிட்டு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வாய் வரல. ஏதாவது சொல்லியாகணும் போல இருந்துச்சு. பால் உள்ள போயிருக்கலாம்னு சொன்னேன்.”

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “அந்த அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

வீட்டில் கணவன் லீவு போட்டு ஒவ்வொரு முறையும் பால் கொடுப்பதைக் காவல் காத்ததைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பால் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்கி எழுந்திருக்கிறாள், பிரசவித்த உடம்போடு. அதைச் சொன்னேன். குழந்தையை அடுத்த முறை எப்போது பரிசோதனைக்குக் கொண்டு வருவார்கள் என்று மட்டும் அவர் கேட்டார்.

அந்த நாளில் அவர் வந்தார். தன் கிளினிக்கை மூடிவிட்டு, எங்கள் அரசு மருத்துவமனை வரிசையில் யாரோ ஒரு நோயாளி மாதிரி என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மோசஸும் ரெபேக்காவும் குழந்தையோடு உள்ளே வந்ததும் நான் அவரை அழைத்தேன். மோசஸ் அடையாளம் கண்டு எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

என் நண்பர் நின்றுகொண்டேதான் பேசினார். ரெபேக்காவைப் பார்த்துப் பேசினார்.

“உங்க மொத பையன் இறந்தது பால் புரையேறி இல்லம்மா. அவனுக்கும் இதே இருதயக் கோளாறுதான். சந்தேகமே இல்ல. நான்தான் கண்டுபிடிக்கல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

சந்தேகமே இல்ல. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு என்னைப் போலவே தெரியும், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது என்று. அந்தக் குழந்தை புதைக்கப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அறிவியல்படி ‘இருக்கலாம்’ என்பதுதான் சரி. அதை நான் ஆம்புலன்சில் சொன்னேன், அவள் ‘சரி டாக்டர்’ என்று திரும்பிக்கொண்டாள். அவளைக் குற்றவாளி ஆக்க ஒரு ‘லாம்’ போதுமாக இருந்தது. விடுதலை செய்ய என்னுடைய ‘லாம்’ போதவில்லை.

மோசஸ் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று நான் பயந்தேன். அதற்காகக் கதவுப் பக்கம் ஒரு ஊழியரையும் நிற்க வைத்திருந்தேன். மோசஸ் டாக்டரைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“பால் உள்ள போயிருக்கலாம்னுதான் சார் நீங்க சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நான்தான் அத போச்சுன்னே எடுத்துக்கினேன்.”

ரெபேக்கா என் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவனுக்கு வலிச்சிருக்குமா சார்?”

அவர், “இல்லம்மா” என்றார். அதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை யோசிக்காமல் சொல்லவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே டீக்கடையில் நின்றபோது அவர், “சந்தேகமே இல்லன்னு சொன்னது தப்புன்னு நெனைக்கிறியா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் பேச்சு முடிந்த பிறகு வந்து சொல்லுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மரணத்துக்குக் காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும் என்பதுதான். பெற்றவர்கள் அதைக் கேட்டு நம்மைத் திட்டலாம். ஒன்றும் தெரியாத டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில் வருகிற ஒரு காரணத்தை நாம் மருத்துவமனை வராந்தாவில் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விடுவோம். அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அதோடுதான் குடித்தனம் நடத்துவார்கள்.

என் நண்பர் அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளைப் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நன்றாக இருக்கும் குழந்தையின் தொடையிடுக்கில்கூட விரலை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் நிற்பதாக ஒருமுறை சொன்னார். பிறகு மொத்தமாகவே நிறுத்திவிட்டார். இப்போது இருமல், காய்ச்சல் மட்டும் பார்க்கிறார். அவர் கைக்கு வந்திருக்க வேண்டிய குறைமாதக் குழந்தைகள் எல்லாம் அதே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சென்னைக்குப் போகின்றன. எல்லாம் போய்ச் சேருவதில்லை. அவரிடம் சொன்னது சரிதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் சரியான காரியம் ஒன்றைச் செய்ததால் அந்த வட்டாரத்தின் நல்ல மருத்துவர் ஒருவரை இழந்தோம் என்ற வருத்தம் போகவில்லை. அவர் தவறவிட்டது ஒன்று, தேற்றி அனுப்பியது எத்தனையோ. அந்தக் கணக்கை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ரெபேக்கா என்ற பெயருக்கு முன்னால் அது எடுபடவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு குழந்தைக்கும் தொடையிடுக்கில் விரல் வையுங்கள், திரும்பி வரும்போதும் வையுங்கள். கிருமி என்று நினைத்து வைத்தியம் செய்யும்போது, தண்ணீர் ஏற்ற ஏற்ற ஈரல் இறங்குகிறதா என்று பாருங்கள். முன்னால் ஒரு குழந்தை தவறியிருந்தால் ‘எதனால்’ என்று கேட்டு நிறுத்தாதீர்கள். ‘என்ன நடந்தது, சொல்லும்மா’ என்று கேளுங்கள். அம்மாவைக் கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு ரெபேக்கா கடைசியாகக் குழந்தையைக் கொண்டு வந்தாள். நடக்கிற குழந்தை. என் மேஜைக்கடியில் புகுந்து காகிதக் கூடையைக் கவிழ்த்துவிட்டது. இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் தழும்பு ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. மோசஸ் மாத்திரை வாங்க வரிசைக்குப் போயிருந்தார். இப்போதெல்லாம் வீட்டில் எப்படி என்று கேட்டேன்.

“நல்லா பாத்துக்கிறாரு டாக்டர். முன்னயும் நல்லாதான் பாத்துக்குவாரு” என்றாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“பையன் போனப்ப அவரு என்ன ஒரு வார்த்த திட்டல டாக்டர். இத்தன வருசத்துல ஒரு தபாகூட திட்டல. திட்டியிருந்தார்னா, நான் தூங்கல, முழிச்சிக்கினுதான் இருந்தேன்னு சொல்லியிருப்பேன்.”

மோசஸ் மாத்திரையோடு திரும்பி வருவது கதவிடுக்கில் தெரிந்தது. நான் குழந்தையின் சட்டையை உயர்த்தி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டேன். வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.